ஸ்டூல் வந்துவிட்டது, உட்காரத்தான் முடியவில்லை: ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜவுளிக்கடை, நகைக்கடை உரிமையாளர்களுக்கும், அவர்கள் சார்பில் ஒவ்வொரு தளத்தையும் நடத்திவரும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் 18 ஆண்டுகளாகச் சேலைப் பிரிவில் விற்பனை செய்துவருகிறேன். இதுவரை மூன்று கடைகளில் வேலை பார்த்திருக்கிறேன். எந்தக் கடையின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. விற்பனைப் பெண்களை உட்காரவிடாமல் நாள் முழுவதும் நிற்கவைக்கும் வழக்கம் மூன்றிலும் ஒன்றுபோலவே இருந்தது, வேறு ஊர்களில் இதே வேலை பார்க்கும் தோழிகள் சொல்வதைக் கேட்டால் அங்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வலது குதிகாலில் வலி தொடங்கியது. அடுத்த ஆண்டு இடது காலுக்கும் வந்தது. அந்த வலியை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நின்று வேலை பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கற்றுக்கொண்டதில் ஒரு பாதியை நானே செய்துகொள்கிறேன். மறு பாதி உங்கள் கையில் இருப்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

இந்த வலிக்கென்று ஒரு நாள்கணக்கு உண்டு. அதை அறியாதவர்களுக்கு இது நடிப்பாகவே தோன்றும். காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் உட்பக்கத்தில் ஆணி ஏறியதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது அடி நடந்தால் மெல்லக் குறையும். சமையலை முடித்து, பேருந்தைப் பிடித்து, ஒன்பதரை மணிக்குக் கடைக்குள் நுழையும்போது ஓரளவு இயல்பாகவே நடப்பேன். பதினொரு மணிக்கு என்னைப் பார்க்கிற எவரும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைப்பார். மாலை ஐந்து மணிக்கு மேல், சரியாகக் கூட்டம் கூடுகிற நேரத்தில், வலி திரும்பி வரும். அப்போது குத்தலாக இராது, பாதம் முழுவதும் கனன்றுகொண்டிருக்கும். இரவு எட்டரை மணிக்கு மேல், விரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கும்போது, இடக்காலுக்கும் வலக்காலுக்கும் மாறி மாறிப் பாரத்தைத் தள்ளிக்கொண்டு நிற்பேன்.

இதில் மற்றவர்களை அதிகம் குழப்புவது ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரும்போது நான் நொண்டுவேன். எங்கள் பிரிவுக்கு முன்பு சூப்பர்வைசராக இருந்த தம்பி, நல்ல மனிதர்தான், ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “நின்னுக்கிட்டு இருக்கும்போது நல்லாத்தானே இருக்கீங்க அக்கா, உக்காந்து எந்திரிச்சாத்தான் உங்களுக்கு வலிக்குது. அப்ப உக்காராம இருக்கிறதுதானே நல்லது?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, கண்ணால் கண்டதை வைத்துக் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும் என்பதால் அவருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரை, உள்ளங்காலில் பட்டையான ஒரு நார்த் திசு ஓடுகிறது. பாதத்தின் வளைவை அது வில்லின் நாண்போல் இழுத்துப் பிடித்திருக்கிறது. நாம் நிற்கும்வரை உடலின் எடை அந்த நாணை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் இழுபட்டால், குதிகால் எலும்பில் அது ஒட்டியிருக்கும் இடத்தில் நுண்ணிய கிழிசல்களும் தேய்மானமும் உண்டாகின்றன. தூங்கும்போதும், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும்போதும், பாதம் கீழ்நோக்கிச் சாய்வதால் அந்தத் திசு சுருங்கி விறைத்துக்கொள்ளும். எழுந்து முதல் அடி வைத்ததும் உடலின் முழு எடையும் அதைச் சட்டென்று இழுக்கும். நின்று நின்று உண்டான புண் எழுந்திருக்கும்போது தன்னைக் காட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆங்கில மருத்துவத்தில் இதைப் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்கிறார்கள். நம் பக்கத்தில் குதிவாதம் என்றும் குதிகால் வாதம் என்றும் சொல்வோம். பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரும் என்பதும், 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் அதிகம் வரும் என்பதும் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உடல் எடை, தட்டையான பாதம், இறுகிப்போன கெண்டைக்கால் தசை, கடினமான தரையில் நீண்ட நேரம் நிற்பது ஆகியவை காரணங்கள். முதல் மூன்றை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்காவது உங்கள் கட்டடத்தில் இருக்கிறது.

எல்லாக் குதிகால் வலியும் இந்த வகை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீக்கமோ காய்ச்சலோ மரத்துப்போதலோ இருந்தாலும், படுத்திருக்கும்போதே வலித்தாலும், இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலித்துக் காலையில் முதுகும் விறைத்துக்கொண்டாலும், அது வேறு நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்கள் கடைகளில் இருபது வயதுப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். வலி என்று ஒரு பெண் வந்து சொன்னால், “இந்த வயசுல என்ன கால்வலி” என்று அனுப்பிவிடாதீர்கள்.

நான் செய்துபார்த்த வைத்தியங்களை எழுதினால் ஒரு சிறு புத்தகம் ஆகும். செங்கல்லை அடுப்பில் சுட்டு, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதிகாலால் மிதித்து எடுப்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உண்டு. செய்யும்போது இதமாகத்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைச் செய்யவே கூடாது. எங்களோடு சுடிதார் பிரிவில் இருந்த ஓர் அக்காவுக்குச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தது. சூடு தெரியாமல் மிதித்ததில் கொப்புளம் வந்து, அது புண்ணாகி, ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அடுத்ததாக எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது, அதுதான் குத்துகிறது என்றார்கள். பிறகுதான் தெரிந்தது, வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும், வலி அதனால்தான் என்று சொல்லிவிட முடியாது என்று. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டுக்கொண்டேன். அந்த ஆண்டு தீபாவளி விற்பனையை அதனால்தான் தாண்டினேன். தை பிறந்ததும் வலி திரும்பிவிட்டது. திரும்பத் திரும்ப ஊசி போட்டால் அந்தத் திசுவே அறுந்துபோகவும், குதிகாலுக்கு மெத்தைபோல் இருக்கும் கொழுப்பு தேயவும் வாய்ப்புண்டு என்று மருத்துவர் மறுத்துவிட்டார்.

உண்மையில் பலன் தந்தவை செலவில்லாதவை. எழுந்ததும், முதல் அடி வைப்பதற்கு முன்பே, காலை மடித்து வைத்துக்கொண்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளைத்து, பத்து எண்ணும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சுவரில் கையூன்றி, பின்காலின் குதி தரையில் படும்படி நின்று, கெண்டைக்காலை அரை நிமிடம் நீட்ட வேண்டும். இரவில், தண்ணீர் நிரப்பி உறையவைத்த பிளாஸ்டிக் பாட்டிலின்மேல் உள்ளங்காலை வைத்துப் பத்து நிமிடம் உருட்ட வேண்டும். பாதம் மரத்துப்போனவர்களுக்கு இதுவும் ஆகாது. வீட்டிற்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. பொறுமையாகச் செய்தால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அறுவை சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது என்றும் சொன்னார்கள். எனக்கு ஏன் ஓராண்டில் சரியாகவில்லை என்று கேட்டபோது மருத்துவர் திருப்பிக் கேட்டார்: “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கிறீங்கம்மா?” நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அதைக் குறைச்சுக்கோங்க” என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை எந்த மருந்துக்கடையில் நீட்டுவது? இந்த ஒரு மருந்தை உங்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின் மூலம் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், வேலை நேரம் முழுவதும் கால்விரலிலேயே நிற்கும் நிலை தவிர்க்கப்பட வேண்டும் என்பது அதன் பொருள். (ஆங்கில வாசகத்தில் விரல் என்றுதான் இருக்கிறது. எழுதியவர் நின்று வேலை பார்த்திருந்தால் குதிகால் என்று எழுதியிருப்பார்.) தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில் அப்போதே சொல்லிவிட்டது. அந்தச் சொல் தொழிற்சாலை வாசலிலிருந்து எங்கள் கடை வாசலுக்கு வந்து சேர 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று தனிச்சட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் கேரளத்தில், கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைத் திரட்டிய விஜியும் அவரது பெண்கூட்டு அமைப்பும் ஆண்டுக்கணக்கில் கேட்டும், திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகவே வேலைநிறுத்தம் செய்தும், 2018ஆம் ஆண்டு அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் நாங்கள் அப்படித் தெருவில் நிற்க வேண்டிய தேவை இல்லாமலே சட்டம் வந்தது. அதனால்தானோ என்னவோ, அது சட்டப் புத்தகத்திலிருந்து கவுண்டருக்கு இன்னும் இறங்கவில்லை.

ஸ்டூல் போடவில்லை என்று நான் சொல்லவில்லை, போட்டிருக்கிறீர்கள். எங்கள் பிரிவில் பதினான்கு பேருக்கு நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இருக்கின்றன. திருத்தம் வந்த புதிதில் அவை கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. சில மாதங்களில் அவற்றின்மேல் பிளவுஸ் துணிப் பெட்டிகள் ஏறின. இப்போது ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தால் மட்டும் பெட்டிகளை இறக்கித் துடைத்து வைக்கிறோம். உட்காரக்கூடாது என்று யாரும் வாய்திறந்து சொன்னதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், யாராவது உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்குள் சூப்பர்வைசருக்கு மேலிருந்து அழைப்பு வரும், கேமராவில் பார்த்திருப்பார்கள். அவர் வந்து திட்டமாட்டார். “சும்மா இருந்தா அந்த ரேக்கைக் கலைச்சு அடுக்குங்க” என்பார். ஏற்கெனவே அடுக்கியிருக்கும் சேலைகளைக் கலைத்து மறுபடி அடுக்குவோம். வாடிக்கையாளர் இல்லாத நேரம் என்ற ஒன்று எங்கள் நாளில் இல்லாமல் போவது இப்படித்தான். சட்டம் சொல்லும் ‘வாய்ப்பு’ பிறப்பதற்கு முன்பே அதற்கு ஒரு வேலை கண்டுபிடிக்கப்பட்டுவிடுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. வாடிக்கையாளர் உள்ளே வரும்போது விற்பனையாளர் உட்கார்ந்திருந்தால் அது மரியாதைக் குறைவு, கடையில் வியாபாரம் இல்லை என்ற தோற்றம் உண்டாகும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் நம் ஊர் ஜவுளி வியாபாரமே உட்கார்ந்து நடந்த வியாபாரம்தான். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரர் ஒருபுறம், வாங்க வந்த குடும்பம் மறுபுறம் உட்கார்ந்து, நடுவில் பட்டுச்சேலைகளை ஒவ்வொன்றாக உதறி விரித்துக் காட்டிய கடைகளை உங்கள் தகப்பனாரும் பாட்டனாரும் நடத்தியிருக்கிறார்கள். உட்கார்ந்து விற்றதால் அவர்களை யாரும் மரியாதை தெரியாதவர்கள் என்று சொன்னதில்லை. இன்றைக்கும் கல்யாணப் பட்டு எடுக்க வருபவர்களைச் சில கடைகளில் அப்படித்தான் உட்காரவைக்கிறார்கள். நிற்பதுதான் பணிவு என்பது கண்ணாடிக் கவுண்டரோடு வந்து சேர்ந்த வழக்கம். வாடிக்கையாளரைக் கண்டதும் எழுந்து “வாங்க” என்று சொல்வதில் இருக்கும் மரியாதை, மூன்று மணி நேரமாக நின்று முகம் சுண்டிப்போனவள் சொல்லும் “வாங்க”வில் இருக்குமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது இந்த வலிக்கும் நல்லதில்லை, இந்த வேலைக்கும் ஒத்துவராது. மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரல்களை மடக்கி நீட்டி, எழுவதற்கு முன் பாதத்தை மேல்நோக்கி இரண்டு முறை இழுத்துவிட்டு எழுந்தால், மதியத்துக்குப் பிறகு நொண்டுவது எனக்குப் பாதியாகக் குறைகிறது. ஆடிக்கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும், சூப்பர்வைசர் விடுப்பில் இருந்த நாளில், நான் இதைச் செய்துபார்த்தேன். அன்று இரவு வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை உருட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஸ்டூல் வாங்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். இப்போது இருப்பவை முழங்கால் உயரம்கூட இல்லாதவை. அதில் உட்கார்ந்தால் கவுண்டருக்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது, அவசரமாக எழவும் முடியாது. இடுப்பு உயரத்துக்குக் கிட்ட வரும், பாதி உட்கார்ந்து பாதி சாய்ந்துகொள்ளும் ஸ்டூல்கள் இருக்கின்றன. அதில் அமர்ந்தால் எங்கள் முகம் வாடிக்கையாளரின் கண்மட்டத்திலேயே இருக்கும், சேலையை எடுத்துக் காட்டவும் கை எட்டும்.

அடுத்தது தரை. பளபளக்கும் கிரானைட்டும் டைல்ஸும் பார்ப்பவர் கண்ணுக்கு அழகு. நிற்பவர் காலுக்கு அதைவிடக் கொடிது இல்லை, ஏனென்றால் அது கொஞ்சமும் அமுங்கிக்கொடுக்காது. கவுண்டருக்குப் பின்னால் நாங்கள் நிற்கும் மூன்றடி அகலத்துக்கு மட்டும் கனமான ரப்பர் விரிப்புப் போட்டால் போதும். வாடிக்கையாளரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அதே இடத்தில் நான்கு அங்குல உயரத்துக்கு நீளமாக ஒரு மரக்கட்டையைப் பொருத்தினால், ஒரு காலை அதன்மேல் வைத்து மாற்றி மாற்றி நிற்கலாம். உங்கள் கடையின் தச்சர் ஒரு மதிய வேளையில் செய்துவிடக்கூடிய வேலை இது. நானே ஒரு பழைய அட்டைப்பெட்டிக்குள் துணித்துண்டுகளைத் திணித்து இப்படி ஒன்று செய்து வைத்திருந்தேன். கூட்டுபவர்கள் குப்பை என்று எடுத்துப்போய்விட்டார்கள்.

செருப்பைப் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பேசாமல் இருக்க முடியவில்லை. பணியாளர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகும் வழக்கம் நான் இருந்த மூன்று கடைகளில் இரண்டில் உண்டு. கடை என்பது லட்சுமி குடியிருக்கும் இடம். தரையில் விரித்த துணியில் மண் படக்கூடாது. இந்த இரண்டு காரணங்களையும் நான் மதிக்கிறேன், என் வீட்டு வாசலிலும் செருப்பு வெளியேதான் கிடக்கும். ஆனால் குதிவாதம் வந்தவருக்கு மருத்துவர் முதலில் சொல்வது வெறுங்காலோடு நிற்காதே என்பதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு போல மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஒரு ஜோடியை, கடைக்குள் மட்டுமே அணிவதற்கென்று அனுமதியுங்கள். அது தெருவைத் தொடாது, லாக்கரிலேயே இருக்கும். பூசை நேரத்திலும், மெத்தை விரிப்பில் ஏறும்போதும் நாங்களே கழற்றிவிடுவோம். சீருடைக்குப் பொருத்தமாக ஒரே நிறத்தில் நீங்களே வாங்கித் தருவதானால் இன்னும் நல்லது. அதற்கான தொகையைச் சம்பளத்தில் பிடிக்காமல் தர வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். குதிகாலுக்கு அடியில் வைக்கும் சிலிக்கான் திண்டு ஒன்றை 300 ரூபாய் கொடுத்து வாங்கி, காலுறைக்குள் வைத்துக்கொண்டு ஓராண்டு ஓட்டினேன். வழுக்கும் டைல்ஸ் தரையில் காலுறையோடு நடப்பது எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு முறை விழுந்த பிறகுதான் உணர்ந்தேன்.

நேரத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, சட்டத்திலேயே இருக்கிறது: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. பண்டிகைக் காலத்தில் இது எப்படி மாறுகிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஓய்வு நேரத்தை அரை மணியாகச் சுருக்கும்போது, நான்காம் மாடி உணவறைக்குப் படியேறி இறங்கவே அதில் பத்து நிமிடம் போய்விடுகிறது, பணியாளர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்பதால். சரக்கு அறையும் அங்கேதான். ஒரு வாடிக்கையாளர் கேட்ட நிறம் கீழே இல்லையென்றால், இரண்டு கையிலும் சேலைக்கட்டோடு அந்தப் படிகளில் இறங்கி வர வேண்டும். கால்வலி உள்ளவர்களுக்காவது லிஃப்டைத் திறந்துவிடுங்கள். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நிற்பதால் காலில் சுருண்ட நரம்பும், குடிக்காததால் நீர்க்கடுப்பும் சேர்ந்தே வருகின்றன.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது, நன்றி. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் எங்களுக்கு 0.75 விழுக்காடு பிடித்து, நீங்கள் 3.25 விழுக்காடு சேர்த்துக் கட்டுகிறீர்கள். மருத்துவ விடுப்பில் இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு, சம்பளத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை அங்கிருந்து பெற முடியும். நானும் மூன்று வாரம் எடுத்தேன். வலி ஏறக்குறைய மறைந்தேவிட்டது. திரும்பி வந்து அதே கிரானைட் தரையில், அதே வெறுங்காலோடு, அதே பத்து மணி நேரம் நின்றேன். இரண்டாவது வாரம் முடிவதற்குள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நீங்களும் நானும் மாதாமாதம் கட்டும் பணத்தில் காலைச் சரிசெய்துகொண்டு வந்து, அந்தக் காலை மறுபடி உங்கள் தளத்திலேயே கெடுத்துக்கொள்வது இருவருக்குமே நட்டக்கணக்கு.

கணக்கு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒன்பது பேர் நாற்பது வயதைத் தொடுவதற்குள் விலகிவிட்டார்கள். குழந்தை, கல்யாணம், வீட்டு நிலைமை என்று காரணங்கள் எழுதிக்கொடுத்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் என்னிடம் சொன்ன காரணம் கால்வலி. ஒரு சேலையைக் கையில் வாங்கியதும் அது எந்த ஊர் நெசவு, சாயம் நிற்குமா, இந்த அம்மாவுக்கு எந்தக் கரை பிடிக்கும் என்று சொல்வதற்கு ஒருத்திக்குப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. “அந்த அக்கா இல்லையா?” என்று தேடி வருகிற குடும்பங்கள் அவளால்தான் அடுத்த கடைக்குப் போகாமல் இருக்கின்றன. அவளை ஒரு ஸ்டூலுக்காக இழப்பது வியாபாரம் தெரிந்தவர்கள் செய்யும் காரியமாக எனக்குப் படவில்லை.

தள மேலாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் பெரும்பாலோர் எங்களைப்போலவே கவுண்டரில் நின்று மேலே வந்தவர்கள். கேமராவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே முதலாளி எழுத்தில் கொடுக்காதவரை உங்களால் எங்களை உட்காரவிட முடியாது. அந்த எழுத்தைத்தான் இந்த மடலில் கேட்கிறேன். வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில், தாமதமாக வந்தால் எவ்வளவு பிடித்தம் என்று எழுதி ஒட்டியிருக்கும் பலகையில் இன்னும் இடம் இருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு இறங்கத் தொடங்கும் முன், நிர்வாகத்தின் முத்திரையோடு இரண்டு வரிகளை அங்கே ஒட்டச் செய்யுங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்:

“வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பணியாளர்கள் இருக்கையில் அமரலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.”

இப்படிக்கு,
சேலைப் பிரிவு விற்பனைப் பெண் ஒருவர்,
மதுரை.